வீட்டைக் கட்டிப் பார்: 'தெர்மல் பிரேக்' அலுமினிய ஜன்னல் எல்லா வீட்டுக்கும் தேவையா?

போன வாரம் பெரியப்பாவிடமிருந்து ஒரு போன். "பாப்பா, பத்திரிகையில வேலை பாக்குற இல்ல... இந்த ஜன்னல் கொட்டேஷனைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு. சனிக்கிழமை அட்வான்ஸ் கேக்குறாங்க."

கூடுவாஞ்சேரி பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார் பெரியப்பா. ரிட்டயர்மென்ட்டில் வந்த பணம், பெரியம்மாவின் நகைச் சீட்டு, கொஞ்சம் கடன் எல்லாம் சேர்ந்துதான் அந்த வீடு. சுவர் எழும்பி, சன்ஷேட் போட்டு, பூச்சு வேலை நடந்துகொண்டிருக்கிறது. அடுத்து ஜன்னல்.

வாட்ஸ்அப்பில் இரண்டு கொட்டேஷன் வந்தது. இரண்டிலும் அதே ஏழு ஜன்னல்கள். ஒன்று சாதாரண அலுமினியம். இன்னொன்று 'தெர்மல் பிரேக்' அலுமினியம். 'வெப்பம் உள்ளே வராது, ஏசி பில் குறையும்' என்று எழுதியிருந்தது. விலையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"வெயில் தாங்க முடியல பாப்பா. ஒரு தடவை செலவு பண்ணிட்டா நிம்மதியா இருக்கலாம்னு பாக்குறேன்" என்றார். இரண்டாவது கொட்டேஷன் பக்கம்தான் அவர் மனசு சாய்ந்திருந்தது என்பது குரலிலேயே தெரிந்தது. நான் உடனே பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். போவதற்குள் கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் கணக்குப் போட்டேன், தெரிந்த அலுமினியப் பட்டறை ஒன்றில் உட்கார்ந்து கேள்வியும் கேட்டேன். அதைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தெர்மல் பிரேக் என்றால் என்ன?

அலுமினியக் குண்டானின் விளிம்பை வெறுங்கையால் பிடித்துப் பாருங்கள். அடுப்பில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே விளிம்பு வரை சுடும். வெப்பத்தை அவ்வளவு வேகமாகக் கடத்தும் உலோகம் அது. ஜன்னல் ஃபிரேமிலும் இதே கதைதான். வெளிப்பக்கம் வெயிலில் காய்ந்தால், அந்தச் சூடு உலோகத்தின் வழியாகவே உள்பக்கத்துக்கு வந்துவிடும்.

இதைத் தடுக்க, ஃபிரேமை வெளிப்பாதி, உள்பாதி என்று இரண்டாகப் பிரித்து, நடுவில் பாலிஅமைடு என்ற கெட்டியான பிளாஸ்டிக் பட்டையைக் கோத்துவிடுகிறார்கள். கண்ணாடி இழை கலந்து செய்வதால் பட்டைக்கு நல்ல உறுதி உண்டு. வெப்பத்தைக் கடத்துவதில் இது அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 500-ல் ஒரு பங்குதான். உலோகப் பாதை நடுவில் அறுபட்டுவிடுகிறது. அதனால்தான் 'பிரேக்' என்று பெயர்.

பொருளில் ஏமாற்று எதுவும் இல்லை. நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால், 1973-ல் வந்த பெட்ரோலிய நெருக்கடிக்குப் பிறகு, வீட்டைச் சூடாக்கும் செலவைக் குறைக்க வழி தேடிய குளிர்நாடுகளில் வேகமாகப் பரவியது இது. அங்கே உள்ளே இருக்கும் சூடு வெளியே போகக் கூடாது. நமக்கு வெளியே இருக்கும் வெயில் உள்ளே வரக் கூடாது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் கணக்கு வேறு.

ஒரு ஜன்னல், மூன்று வழி

5 அடிக்கு 4 அடி ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேற்குப் பார்த்தது. வெளியே 38 டிகிரி, ஏசி போட்ட அறைக்குள் 25 டிகிரி. இந்த ஜன்னல் வழியாக வெப்பம் மூன்று விதமாக உள்ளே வரும். (இது தோராயக் கணக்கு. எது பெரிது, எது சிறிது என்று புரிவதற்காக.)

முதல் வழி, நேர் வெயில். கோடையில் சாயங்கால வெயில் மேற்குச் சுவரில் அடிக்கும்போது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 600 வாட் வெப்பம் விழும். சாதாரணக் கண்ணாடி அதில் 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். இந்த ஜன்னலில் கண்ணாடி மட்டும் சுமார் ஒன்றரை சதுர மீட்டர். ஆக, 700 வாட்டுக்கும் மேல். அறைக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு வைத்ததற்குச் சமம்.

இரண்டாவது வழி, வெளிக்காற்றின் சூடு கண்ணாடி வழியாகக் கடந்து வருவது. ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால் சுமார் 110 வாட். நடுவில் காற்று இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி என்றால் அதில் பாதி.

மூன்றாவது வழி, ஃபிரேம். சாதாரண அலுமினியத்துக்குப் பதிலாக தெர்மல் பிரேக் போட்டால் மிச்சமாகும் வெப்பம் எவ்வளவு தெரியுமா? சுமார் 16 வாட்! ஓர் எல்இடி டியூப்லைட் அளவு.

அந்த 16 வாட் வெப்பத்தை வெளியேற்ற ஏசிக்கு 5 வாட் மின்சாரம் போதும். தினமும் 8 மணி நேரம் ஏசி ஓடினாலும், இரண்டு மாத மின் கட்டணத்தில் ஒரு ஜன்னலுக்கு இரண்டரை யூனிட்கூட வராது. அடர் நிற ஃபிரேம், மேலே நேர் வெயில் என்று மூன்று மடங்கு கூட்டிப் போட்டாலும் ஏழெட்டு யூனிட்தான். அதே ஜன்னலில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் நேர் வெயில் விழுந்தால், அதை வெளியேற்ற மட்டும் இரண்டு மாதத்தில் 25 யூனிட்டுக்கு மேல் ஆகும்.

ஆக, பெரிய எதிரி ஃபிரேம் இல்லை. கண்ணாடியில் விழும் வெயில்தான்.

ஆயாவின் அறை

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் கூடுவாஞ்சேரி போய்ச் சேர்ந்தேன். பூசாத சுவர்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆயா உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவின் அம்மா. வயது 80-க்கு மேல். 'என் அறை எது?' என்று பார்க்க வந்திருந்தார்.

அவருடைய அறை மேற்குப் பக்கம். நாலரை மணிக்கு அங்கே நின்று பார்த்தோம். ஜன்னலுக்கு மேலே 2 அடி சன்ஷேட் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் சூரியன் சாய்ந்துவிடுவதால், சன்ஷேட்டின் நிழல் மேலே ஒரு அடிக்குத்தான் விழுகிறது. மீதி 3 அடியும் முழு வெயில். தெற்குப் பக்கம் நன்றாக வேலை செய்யும் அதே சன்ஷேட், மேற்கே பெயருக்குத்தான் இருக்கிறது.

ஆயாவுக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது. முழங்கால் வலிக்கும் என்பார். "எந்த ஜன்னல் வேணா போடுங்க. தொறந்தா காத்து வருமா, அத மட்டும் சொல்லு கண்ணு" என்றார்.

கொட்டேஷனை மறுபடி பார்த்தேன். ஏழு ஜன்னல்களும் ஸ்லைடிங். இரண்டு கதவு ஸ்லைடிங்கில் எப்போதுமே பாதிதான் திறக்கும். ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் போய் நிற்குமே தவிர, இரண்டும் விலகாது. அதாவது இரண்டு மடங்கு விலை கொடுத்து, ஆயாவுக்குப் பாதிக் காற்று வாங்கப் போகிறோம். ஏசியே இல்லாத அறைக்கு வெப்பத் தடுப்பு ஃபிரேம்! உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடு இருக்கும்போது அந்தப் பட்டை எதைத் தடுக்கும்?

அரசு விதி என்ன சொல்கிறது?

மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018-ல் 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்று வீடுகளுக்கான விதித்தொகுப்பை வெளியிட்டது. அதில் சென்னை போன்ற வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களுக்கு, வீட்டின் தரைப் பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கக்கூடிய ஜன்னல், வென்டிலேட்டர், பால்கனிக் கதவுப் பரப்பாக இருக்க வேண்டும் என்கிறது.

இது முழு வீட்டுக்கான கணக்கு. புரிவதற்காக ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். 10-க்கு 12 அறை என்றால் 120 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு, 20 சதுர அடி. 5-க்கு 4 ஜன்னலும் சரியாக 20 சதுர அடிதான். ஆனால் அது ஸ்லைடிங் என்றால் திறப்பது 10 சதுர அடி. வெளிப்பக்கம் திறக்கும் கதவு ஜன்னல் என்றால் சுமார் 18 சதுர அடி.

புழுக்கத்துக்கு மருந்து காற்றோட்டம்தான். அதனால் நம் ஊரில் 'எவ்வளவு நன்றாகத் திறக்கும்?' என்ற கேள்வியை 'எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கும்?' என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டும். கூடவே கொசுவலையையும் கேளுங்கள். கொசுவலை இல்லாத ஜன்னல் சாயங்காலம் ஆறு மணிக்கு மூடினால் மறுநாள் காலைதான் திறக்கும். எவ்வளவு பெரிய ஜன்னலாக இருந்தும் பயன் இல்லை.

அப்படியானால் யாருக்குத் தேவை?

தெர்மல் பிரேக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. சில வீடுகளுக்கு அது கட்டாயம் என்றே சொல்வேன்.

*மலை ஊர்களில்:* என் கல்லூரித் தோழியின் வீடு ஊட்டியில். ஜனவரி காலையில் அவள் அம்மாவின் முதல் வேலை, பழைய துணியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகத் துடைப்பது. அலுமினியத்தின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, சுவரில் வழிந்து, மூலையில் கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கும். மழை ஒழுகுவதாக நினைத்து, வருடாவருடம் வெளிப்பக்கம் சிலிக்கான் அடித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அது அறைக்குள் இருக்கும் ஈரக் காற்றுதான். வீட்டுக்குள் 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோக்கும். வெளியே 5 டிகிரி இருக்கும்போது சாதாரண அலுமினியத்தின் உள்பக்கம் அதற்கும் கீழே போய்விடும். தெர்மல் பிரேக் இருந்தால் பெரும்பாலும் அதற்கு மேலேயே நிற்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீடு கட்டுபவர்கள் தயங்காமல் இதற்குச் செலவழிக்கலாம்.

*நாள் முழுக்க ஏசி ஓடும் அறைகளில்:* வீட்டிலிருந்தே வேலை, அல்லது படுக்கையில் இருக்கும் நோயாளி என்று பகல் இரவு ஏசி ஓடும் அறை, அதில் ஏற்கெனவே நல்ல இரட்டைக் கண்ணாடி என்றால், அப்போது ஃபிரேம்தான் பலவீனமான இடம். அங்கே தெர்மல் பிரேக் பொருந்தும். ஒற்றைக் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஃபிரேமுக்கு மட்டும் செலவழிப்பது, தலையில் குடை பிடிக்காமல் காலுக்கு மட்டும் கம்பூட்ஸ் வாங்குவதுபோலத்தான்.

*பெரிய கண்ணாடி, அடர் நிற ஃபிரேம் உள்ள வீடுகளில்:* கறுப்பு ஃபிரேம் இப்போது ஃபேஷன். நேர் வெயிலில் அது தொட முடியாத அளவுக்குச் சுடும். பக்கத்தில் கட்டில், படிக்கும் மேஜை என்று இருந்தால் தெர்மல் பிரேக் போடலாம். அல்லது வெளிர் நிற ஃபிரேம் போடுங்கள். அது செலவில்லாத வழி.

வாங்கும்போது இதைக் கேளுங்கள்

1. செக்‌ஷனின் வெட்டுத் துண்டைக் காட்டச் சொல்லுங்கள். உள், வெளி அலுமினியம் இரண்டையும் பிளாஸ்டிக் பட்டை மட்டுமே இணைக்க வேண்டும். எங்காவது உலோகம் உலோகத்தைத் தொட்டால் அது தெர்மல் பிரேக் இல்லை. குழிக்குள் வெறும் ஃபோம் அடைத்திருந்தாலும் இல்லை. சுற்றியுள்ள உலோகம் சூட்டைக் கடத்திவிடும்.

2. பட்டை என்ன பொருள் என்று கேளுங்கள். பாலிஅமைடு என்றால் சரி. வெயிலில் அது விரிவடையும் அளவு ஏறக்குறைய அலுமினியத்தை ஒட்டியே இருக்கும். சாதாரண பிவிசி பட்டை அப்படி இல்லை, நாளடைவில் பிடிப்பு தளரலாம்.

3. 'யு-வேல்யூ எவ்வளவு?' என்று கேட்டால் ஓர் எண் சொல்வார்கள். அது கண்ணாடிக்கு மட்டுமா, ஃபிரேம் சேர்த்து முழு ஜன்னலுக்கா என்று கேளுங்கள். முழு ஜன்னலுக்கான எண்தான் நமக்கு வேண்டும். எண் குறையக் குறைய நல்லது.

4. கண்ணாடிக்கு எஸ்.எச்.ஜி.சி. என்று இன்னோர் எண் உண்டு. வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்று சொல்வது. 0.8 என்றால் 80 சதவீதம். நம் ஊர் வெயிலுக்கு இந்த எண்தான் முக்கியம். வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியில் இது 0.3 வரைகூடக் குறையும். ஆனால் ரொம்ப இருட்டான கண்ணாடி வாங்கிவிட்டு, பகலிலேயே லைட் போடும்படி ஆகிவிடக் கூடாது.

5. ஏசி அறை என்றால் காற்று கசியாத ஜன்னல் வேண்டும். ஸ்லைடிங்கில் ஓரத்தில் பிரஷ்தான் இருக்கும், கொஞ்சம் கசியும். திறந்து மூடும் கதவில் சுற்றிலும் ரப்பர் பீடிங் அழுந்தி மூடும். போட்ட பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, ஓர் ஊதுவத்தியை ஓரமாகக் கொண்டு போங்கள். புகை வளைந்தால் அங்கே காற்று போகிறது.

6. கதவு வெளியே திறந்தால் கிரில் எங்கே, கொசுவலை எங்கே என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஜன்னல் வந்து இறங்கிய பிறகு பேசினால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் அது கொசுவலை!

7. கடலோர ஊரா? உப்புக் காற்று அலுமினியத்தையும் அரிக்கும். பவுடர் கோட்டிங் எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். 60-க்குக் குறையக் கூடாது.

ஏற்கெனவே வீடு கட்டிவிட்டீர்களா? வாடகை வீடா?

கவலை வேண்டாம். பெரிய எதிரி வெயில் என்றோம் இல்லையா, அதை வெளியிலேயே நிறுத்த ஜன்னலை மாற்ற வேண்டியதில்லை. மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். பால்கனி என்றால் கொடி ஏற்றிவிடலாம். உள்ளே போடும் திரைச்சீலையும் கொஞ்சம் உதவும். ஆனால் வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் திரை அதைப் பிடிக்கிறது. சூடாகும் திரை அறைக்குள்தானே தொங்குகிறது!

பெரியப்பா என்ன செய்தார்?

திண்ணைபோலக் கட்டியிருந்த மேடையில் உட்கார்ந்து, கொட்டேஷனின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டோம். பெரியப்பா கணக்கில் புலி. 16 வாட்டை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். "இதுக்கா இவ்ளோ காசு?" என்று ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார்.

முடிவு இதுதான். ஏழில் ஆறு ஜன்னல்களுக்கு வெளிர் நிற சாதாரண அலுமினியம். ஸ்லைடிங் வேண்டாம், திறந்து மூடும் கதவு, உள்பக்கம் கொசுவலை. அண்ணன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான், அவன் அறையில் காலையிலிருந்து ஏசி ஓடும். அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் இரட்டைக் கண்ணாடியும் தெர்மல் பிரேக்கும். மேற்குப் பக்கம் ஆயா அறைக்கு, சன்ஷேட்டிலிருந்து இறக்கி ஏற்றுகிற மாதிரி மூங்கில் தட்டி. எதிர்ச் சுவரில், கதவுக்கு மேலே, ஒரு வென்டிலேட்டர். காற்று உள்ளே வந்தால் வெளியே போகவும் வழி வேண்டுமே! மேஸ்திரியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். நல்லவேளை, அந்தச் சுவர் இன்னும் பூசவில்லை.

மிச்சமாகும் பணத்தில் கடனைக் குறைக்கலாம் என்றார் பெரியம்மா. மொட்டை மாடியைக் கவனிக்கலாம் என்றார் பெரியப்பா. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

கிளம்பும்போது ஆயாவிடம் சொன்னேன். "ஆயா, உன் ஜன்னல் முழுசாத் தொறக்கும். வெயிலுக்குத் தட்டி வருது."

"தட்டியா? எங்க வீட்ல அந்தக் காலத்துலயே இருந்துச்சே. தண்ணி தெளிச்சு விடுவோம், ஜில்லுனு இருக்கும். இத கண்டுபிடிக்கவா இவ்ளோ நாள் படிச்ச?" என்று சிரித்தார்.

பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டுக் கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன், ஒரு நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு அந்த ஜன்னல் வரும் இடத்தில் போய் நில்லுங்கள். வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

*அடுத்த வாரம்: பெரியப்பா சொன்ன அந்த மொட்டை மாடி. வெள்ளை பெயின்ட், கூலிங் டைல்ஸ், தென்னங்கீற்று... எது எவ்வளவு சூட்டைக் குறைக்கும்?*